மூன்றாவது கட்டத்தில் என் வள்ளம்

1

நேற்று எங்கள் வீட்டுக்கு ஒரு கேக் வந்தது. அதன் மேல் நீல நிற க்ரீமில் "1257L" என்று எழுதியிருந்தது. பிறந்தநாளும் இல்லை, கல்யாண நாளும் இல்லை. அது என் வரிக் குறியீடு. சம்பளச் சீட்டின் மூலையில் கிடக்கும் ஓர் எண்ணுக்குக் கேக் வெட்டிய குடும்பம் இந்த இங்கிலாந்து தேசத்திலேயே எங்கள் குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும்.

கொண்டுவந்தவர் பிரெண்டா. நான் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டின் மீன் பகுதியில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டுபவர். அறுபதைத் தொட்டவர். என்னை "லவ்" என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து என் மனைவி நசீமாவிடம் பயந்து பயந்து சொன்னேன். "அட ஆண்டவனே, இங்க பஸ் டிரைவர்கூட எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுறாரு. உங்க அழகுல மயங்கிப் போயா கூப்பிடுறாங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனதற்காக வந்த கேக் அது. என் பெயரை எழுதாமல் அந்த எண்ணை ஏன் எழுதினார் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து படிக்கிறவர்களே, வரி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டு வரி, தண்ணீர் வரி தவிர வேறு வரி அறியாத பெரியபட்டினத்துக்காரன்தான் நானும். நான் பட்ட கூத்தைக் கேட்டால் உங்களுக்கு வயிறு வலிக்கும்.

2

எங்கள் பக்கத்தில் சபர் போவது என்றால் வளைகுடாவுக்குப் போவதுதான். நானும் எட்டு வருடம் துபாயில் ஒரு கிட்டங்கியில் இருந்தேன். அங்கே முதலாளி வாயால் சொன்ன சம்பளம் அப்படியே கைக்கு வரும். வராவிட்டால் மொத்தமாக வராது. நடுவில் புகுந்து கிள்ளி எடுக்கிற ஆள் யாரும் கிடையாது.

நசீமா நர்ஸ். இங்கே கிழக்குக் கரையோரம் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் நானும் மகள் அஃப்ராவும் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம். வந்த புதிதில் வீட்டைப் பார்த்துக்கொண்டவன் நான்தான். சமையல், துணி, அஃப்ராவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டிவருவது. "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று வகுப்பில் கேட்டதற்கு, "வாப்பா வாக்குவம் கிளீனர் ஓட்டுகிறார்" என்று அஃப்ரா சொல்லிவைத்தாள். ஏதோ கப்பல் ஓட்டுவதுபோலச் சொன்னாளாம். டீச்சரே என்னிடம் வந்து பாராட்டினார்.

இப்படியே சுகமாகப் போயிருக்கும். வள்ளம்தான் கெடுத்தது.

என் லாத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை காதர் மச்சான்தான் எங்கள் வள்ளத்துக்குச் சம்மாட்டி. சொந்தக்காரர் என்றும் சொல்லலாம், தலைவர் என்றும் சொல்லலாம். பழைய வள்ளம் இற்றுப்போய், புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். புது வள்ளத்தை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கும்போது, அதில் பங்கு வைத்திருக்கும் அத்தனை பேரும் தோள் கொடுக்க வேண்டும். ஒரு தோள் குறைந்தாலும் இறக்க மாட்டார்கள். வாப்பா மௌத்தானபோது அவருடைய பங்கு எனக்கு வந்தது. ஆகவே என் தோளும் வேண்டும்.

"பெருநாள் கழிச்சு இறக்கலாம்னு இருக்கோம் மாப்ள. உன்னால வர முடியுமாலே?" என்று மச்சான் போனில் கேட்டார்.

பெருநாள் கழிந்து அஃப்ராவுக்கு ஈஸ்டர் விடுமுறை வருகிறது. எல்லாம் பொருந்துகிறது. ஆனால் கையில் காசில்லை. விசாவைப் புதுப்பித்ததில் நசீமாவின் சேமிப்பு சுத்தமாகக் கரைந்துபோயிருந்தது. அந்த வாரம்தான் மீன் பகுதிக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்புப் பார்த்தேன். மீன் என்றதும் போய் நின்றேன். மூன்று நாளில் வேலை கிடைத்துவிட்டது! அந்தத் துள்ளலில் மச்சானுக்குப் போன் போட்டேன்.

"தேதியை வைங்க மச்சான். முதல் சம்பளம் வந்த அன்னிக்கே டிக்கெட் போட்டுர்றேன்!"

மச்சானும் தேதியை வைத்துவிட்டார். வள்ளம் கட்டும் ஓடாவியிடம் சொல்லியாயிற்று, துஆ ஓத லெப்பையிடம் சொல்லியாயிற்று, மற்ற பங்காளிகள் அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று. "இங்கிலாந்துலேருந்து ஹமீது வாரான்" என்று டீக்கடைவரை சேதி போய்விட்டது.

3

வேலையில் சேர்ந்த வாரமே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு பெண்மணி வந்து, "இன்றைக்கு எது ஃப்ரெஷ்?" என்று கேட்டார். நான் ஐஸைத் தள்ளிச் செவுளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எதுவும் இல்லை மேடம். எல்லாம் முந்தாநாள் மீன். வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன். எங்கள் கரையில் மீனைப் பற்றிப் பொய் சொன்னவனிடம் மறுநாள் யாரும் வாங்க மாட்டார்கள். மேனேஜர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் நீண்ட நேரம் பேசினார். அந்தப் பெண்மணி மட்டும் வெள்ளிக்கிழமை சரியாக வந்து என்னைத் தேடினார். இன்றுவரை தேடுகிறார்.

அது கிடக்கட்டும். சேர்ந்த நாளன்று என் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, புது ஆட்கள் நிரப்ப வேண்டிய படிவம் என்றார்கள். பெயர், விலாசம் எல்லாம் முடிந்து கடைசியில் மூன்று வாசகங்கள், பக்கத்தில் மூன்று கட்டங்கள். உங்களுக்குப் பொருந்துவதில் டிக் அடியுங்கள். முதலாவது: ஏப்ரலுக்குப் பிறகு இதுதான் என் முதல் வேலை. இரண்டாவது: இப்போது இது ஒன்றுதான் என் வேலை, ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு வேறொன்றும் பார்த்திருக்கிறேன். மூன்றாவது: எனக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது.

நான் முதலாவதில் அடித்திருக்க வேண்டும். விரல் அங்கேதான் போனது. போன இடத்தில் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று சொல்கிறேன். எங்கள் வள்ளம் கரைக்கு வந்ததும் மீனைக் கூறு போடுவார்கள். விற்ற காசுக்குக் கணக்குத் தனி. இது வீட்டுக்குப் போகிற மீன். மணலில் கூறு கூறாக வைத்து, சம்மாட்டி ஒவ்வொரு பங்காளியின் பெயராகக் கூப்பிடுவார். சபரில் இருக்கிறவன் பெயரையும் கூப்பிடுவார். "ஹமீது!" என்று கூப்பிட்டதும் என் உம்மா ஓலைப்பெட்டியோடு போய் அந்தக் கூறை அள்ளிக்கொள்வார். நான் துபாயில் இருந்தபோதும் இப்படித்தான். இங்கிலாந்தில் இருக்கும்போதும் இப்படித்தான்.

அந்தக் கூறு நின்றுபோக ஒரே ஒரு வழிதான் உண்டு. பங்காளியே தன் வாயால் இல்லை என்று சொல்ல வேண்டும். மலேசியாவில் இருந்த பங்காளி அப்பாஸ் காக்கா ஏதோ கோபத்தில், "எனக்கும் அந்த வள்ளத்துக்கும் ஒண்ணும் இல்லை" என்று யாரிடமோ சொல்லிவிட்டார். சேதி கரைக்கு வந்தது. மறுநாள் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. அவருடைய உம்மா பெட்டியோடு வந்து, கடைசிக் கூறு போகும்வரை நின்று, வெறும் பெட்டியோடு திரும்பினார். சிறுவனாக அதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டி என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

இப்போது சொல்லுங்கள். என்னிடம் வந்து, வேறு ஒன்றும் இல்லை என்று டிக் அடி என்றால் எப்படி அடிப்பது? பிஸ்மி சொல்லி மூன்றாவது கட்டத்தில் அடித்தேன். உண்மையைச் சொன்ன நிம்மதியோடு டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்கு ஒரே குஷி.

4

சம்பள நாள் வந்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனில் சம்பளச் சீட்டைத் திறந்தேன். ஐந்தில் ஒரு பங்கைக் காணோம்! மூலையில் "BR" என்று இருந்தது. யார் இந்த BR, என் காசை எதற்கு எடுத்தான் என்று ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து பிரெண்டாவிடம் காட்டினேன்.

"ஓ, எமர்ஜென்சி டாக்ஸ், லவ்" என்றார் சாதாரணமாக. கானாங்கெளுத்தியின் தலையை ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, "எல்லாருக்கும் ஒரு தடவை வரும். எனக்கும் வந்திருக்கு. திருப்பிக் கொடுத்துருவாங்க" என்றார்.

எமர்ஜென்சி என்றால் எனக்கு ஆம்புலன்ஸ்தான் தெரியும். அன்று மத்தியானம் நசீமாவும் நானும் சாப்பாட்டு மேசையில் போனை வைத்து அரசாங்கத்தின் விளக்கங்களை வரிவரியாகப் படித்தோம். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்கள் கரைக் கணக்கேதான்!

வள்ளத்தில் மீனை விற்று, செலவைக் கழித்து, பங்கு பிரிக்கிறோம். ஆனால் அதற்கு முன்னாலேயே வீட்டுக் குழம்புக்குக் கறிமீனை எடுத்து வைத்துவிடுகிறோம். அதில் யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். இந்த ஊர் அரசாங்கமும் அப்படித்தான். ஒருவன் ஒரு வருடத்தில் சம்பாதிப்பதில் இவ்வளவு அவன் வயிற்றுக்கு என்று முதலில் ஒதுக்கிவிடுகிறது. அதற்கு வரி கிடையாது. அதற்கு மேல் வருவதில்தான் கை வைக்கும். அந்தக் கறிமீனுக்குப் பெயர்தான் 1257L. எண்ணுக்குப் பின்னால் ஒரு சைபரைச் சேர்த்துக்கொண்டால் எத்தனை பவுண்டு என்று தெரிந்துவிடும்; L என்றால் அது முழுதாக அவனுக்கு உண்டு என்று அர்த்தம்.

ஒருவனைப் பற்றிய விவரம் சரியாக வந்து சேரவில்லை என்றால் எமர்ஜென்சி குறியீடு போடுவார்கள். அதற்கு M1 என்றோ W1 என்றோ X என்றோ ஒரு வால் இருக்கும். அது மறதிக்காரக் குறியீடு. ஒவ்வொரு சம்பளத்தையும் முதல் சம்பளமாக நினைத்துக்கொள்ளும். அந்த மாதத்துக் கறிமீனைக் கொடுக்கும், போன மாதங்களில் நீங்கள் எடுக்காமல் விட்டதை மறந்துவிடும். எனக்கு அந்த மறதிக்காரன்கூட வரவில்லை. பிரெண்டா பொதுவாக எமர்ஜென்சி என்று சொன்னாரே தவிர, எனக்கு வந்தது BR. அதாவது, இவனுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, கறிமீனை அங்கேயே வாங்கிக்கொள்வான், இங்கே முதல் மீனிலிருந்தே வெட்டு என்று அர்த்தம்.

"இன்னொரு வேலையா? ஏங்க, நீங்க எந்தக் கட்டத்துல டிக் அடிச்சீங்க?" என்று நசீமா நிமிர்ந்தாள்.

சொன்னேன். ஏன் அடித்தேன் என்றும் சொன்னேன். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில போய்ச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இங்கிலாந்து அரசாங்கத்துக்கிட்ட உங்க வள்ளத்தைச் சொல்லிட்டு வந்திருக்கீங்க!"

சிரிப்பு அடங்கியதும் இரண்டு பேரும் டிக்கெட் விலையைப் பார்த்தோம். வந்த சம்பளத்தில் மூன்று பேருக்கு எட்டவில்லை. நான் மட்டும் போகலாம் என்றால் அந்த மாத வாடகை இடிக்கிறது. விடுமுறை நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே போகும். ஊரில் தேதி வைத்தாயிற்று. என் தோள் இல்லாமல் வள்ளம் இறங்காது. மற்றவர்களுக்கு அந்த வள்ளம்தான் சோறு, நான் வருகிறேன் என்று அத்தனை பேரும் கரையில் காத்துக்கிடப்பார்கள். 

5

"ஒண்ணும் குடிமுழுகிப் போகலை. வரி ஆபீசுக்குப் போன் பண்ணி, தப்பா டிக் அடிச்சுட்டேன்னு சொல்லுங்க. அவங்க குறியீட்டை மாத்துவாங்க, பிடிச்சது அடுத்த சம்பளத்தோட வந்துரும்" என்று நசீமா சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தோம். பாட்டு ஓடியது. அந்தப் பாட்டு முடிவதற்குள் பிரியாணிக்கு வெங்காயம் உரித்து, வெட்டி, வதக்கியும் விட்டேன். கடைசியில் ஒருவர் வந்தார். தங்கமான மனிதர், குரலிலேயே தெரிந்தது.

"உங்களுக்கு இன்னொரு வேலை இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. அது என்ன வேலை?"

"மீன்பிடி வள்ளம், சார்."

"எங்கே?"

"இந்தியாவில். பெரியபட்டினம்."

"வாரத்துக்கு எவ்வளவு நேரம் வேலை?"

"நான் போவதில்லை, சார்."

"சரி. சம்பளம்?"

"மீன்."

"அதை நீங்கள் எப்படி வாங்கிக்கொள்கிறீர்கள்?"

"என் உம்மா வாங்கிக்கொள்வார். பெட்டி வைத்திருக்கிறார்."

 நசீமா வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டாள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அஃப்ரா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயா, அப்படியானால் இதைத் தவிர உங்களுக்கு வேறொன்றும் இல்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று அவர் மிக மெதுவாகக் கேட்டார்.

ஓலைப்பெட்டி கண்முன் வந்து நின்றது. "எழுதாதீங்க!" என்று கத்திவிட்டுப் போனை அணைத்துவிட்டேன்.

நசீமா திரும்பி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஏங்க, உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? ஒரு வெங்காய மூட்டையே உரிக்கிற நேரம் காத்திருந்து கிடைச்ச ஆளு!" என்று பொரிந்து தள்ளினாள். நியாயம்தான். ஆனால் வாய் வரவில்லையே, நான் என்ன செய்வேன்?

மச்சானுக்குப் போன் போட்டேன். வள்ளத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவரும் யோசனையில் விழுந்துவிட்டார்.

"இல்லேன்னு சொல்லச் சொல்லுறாகளா மாப்ள? அது எப்பிடிச் சொல்லுறது... அப்பாஸ் காக்கா விசயம் உனக்குத் தெரியுந்தானே?"

"அதான் மச்சான் எனக்கும் பயமா இருக்கு."

"சொல்லாட்டி டிக்கெட் போட முடியாது?"

"முடியாது."

"சொன்னா வள்ளத்துக்கு ஆகாது."

"அதேதான் மச்சான்."

இப்படியே இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். திடீரென்று போனில் கரகரவென்று ஒரு சத்தம். ஜொஹரா லாத்தா போனைப் பிடுங்கிவிட்டார்.

"ஏலே, ரெண்டு ஆம்பளைகளும் சேந்து என்னலே கூத்தடிக்கிறீங்க? நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. அங்கன அந்த மீன் கடையில, நாளையிலேருந்து வராதேன்னு உன்னையச் சொல்லுறதுக்கு ஆளு இருக்கா இல்லையா?"

"இருக்காங்க லாத்தா. மேனேஜர் இருக்காரு. சேர்ந்த வாரமே சொல்லியிருப்பாரு."

"நம்ம வள்ளத்துல அப்பிடிச் சொல்ல யாரு இருக்கா?"

யோசித்தேன். "மச்சான்..."

"அவுகளுக்கு ஏது அந்த உரிமை? வாப்பா வச்சுட்டுப் போன பங்குடா அது. அவுகளும் சொல்ல முடியாது, அவுக வாப்பா எந்திரிச்சு வந்தாலும் சொல்ல முடியாது. வராதேன்னு சொல்ல ஒருத்தன் இருந்தாத்தான் அது வேலை. இது பங்கு. அந்த வெள்ளைக்காரன் உங்கிட்ட வேலையத்தானே கேக்குறான்? இல்லேன்னு சொல்லிட்டு டிக்கெட்டைப் போடு. உம்மா பெட்டி வெறும் பெட்டியாத் திரும்பாது. அதுக்கு நான் பொறுப்பு."

பின்னால் மச்சான், "அதானே! நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றது கேட்டது.

மறுபடி வரி ஆபீசுக்குப் போன். மறுபடி அதே பாட்டு. இம்முறை ஒரு பெண் வந்தார். "உங்களுக்கு இது ஒன்றுதான் வேலையா?"

"ஆமாம் மேடம். வேலை இது ஒன்றுதான்" என்றேன், வேலை என்ற சொல்லை நன்றாக அழுத்தி. ஏப்ரலிலிருந்து வேறு சம்பளம் வாங்கினேனா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி, புதுக் குறியீட்டைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். அவ்வளவுதான்! இதற்கா இத்தனை பாடு!

6

அடுத்த சம்பள நாளில் கழிப்பறைக்குள் ஓடவில்லை. பிரெண்டா பக்கத்திலேயே இருக்கும்போது போனைத் திறந்தேன். மூலையில் 1257L. வால் ஒன்றும் இல்லை. முதல் மாதம் பிடித்தது திரும்பி வந்திருந்தது. அது மட்டுமா? நான் வீட்டில் வாக்குவம் ஓட்டிக்கொண்டிருந்த மாதங்களின் கறிமீனும் சேர்ந்து நின்றதால், இந்த மாதம் வரியே இல்லை. அல்ஹம்துலில்லாஹ்! நான் போட்ட கூச்சலில் இறைச்சிப் பகுதிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையில் ஒரு முழு சால்மனைத் தூக்கிக்கொண்டு பிரெண்டாவோடு ஒரு சுற்று ஆடினேன். வெள்ளிக்கிழமைப் பெண்மணி கைதட்டினார். மேனேஜர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார்.

டிக்கெட் விலை ஏறித்தான் இருந்தது. ஏறட்டும் என்று போட்டுவிட்டேன். அஃப்ராதான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். அங்கே வைஃபை வராது, கொசு கடிக்கும், மீனைத் தலையோடு வைப்பார்கள், அது என்னையே பார்க்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்குமூலம் கொடுத்தாள். நான் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. அது எனக்கு உள்ளூர வலிக்கும். சிரித்துச் சமாளித்துக்கொள்வேன்.

சென்னையில் இறங்கி, ரயிலில் இராமநாதபுரம் வந்து, விடிகாலையில் பெரியபட்டினம் போய்ச் சேர்ந்தோம். வள்ளம் பச்சையும் மஞ்சளுமாகக் கரையில் நின்றது. லெப்பை துஆ ஓதினார். நார்சா இனிப்பு எல்லார் கைக்கும் வந்தது. உருளைக்கட்டைகளை அடியில் கொடுத்தார்கள். பங்காளிகள் இரண்டு பக்கமும் நின்றோம். ஒவ்வொரு தோளாக மச்சான் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், "வந்துட்டியேலே!" என்று கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். என் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. தள்ளு என்ற சத்தத்தில் வள்ளம் அசைந்து, உருண்டு, தண்ணீரைத் தொட்டது. கரையே கூச்சல் போட்டது. திரும்பிப் பார்த்தால், வேண்டாம் வேண்டாம் என்று வந்த என் மகள் பின்பக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்து, முழங்கால்வரை தண்ணீரில் நின்று தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நானும் கடலுக்குப் போனேன். போகாமல் இருப்பேனா! கரை மறைவதற்குள் வயிற்றைப் புரட்டியது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பாட்டையும் மன்னார் வளைகுடாவுக்குக் கொடுத்தேன். மச்சான் என் முதுகைத் தடவிக்கொண்டே, "ஏன் மாப்ள, இதுதானா நீ அங்கன சொல்லிவச்ச இன்னொரு வேலை?" என்றார். அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. எனக்கு மறுபடி குமட்டியது.

கரைக்கு வந்ததும் மணலில் கூறு போட்டார்கள். விளமீன், பாறை, கொஞ்சம் சூடை. மச்சான் பெயர் பெயராகக் கூப்பிட்டார். "ஹமீது!" என்றதும் நான் குனிந்தேன். அதற்குள் உம்மா பெட்டியோடு வந்து அள்ளிக்கொண்டிருந்தார்.

"உம்மா, நான்தான் இங்கன நிக்கிறேனே."

"நீ நிப்பே, நாளைக்குப் போயிருவே. பெட்டி எங்கிட்டத்தான் இருக்கணும்" என்றார் உம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

எல்லாக் கூறும் போன பிறகு மணலில் ஒரு சின்னக் கூறு மிச்சம் இருந்தது. இரண்டு விளமீன், ஒரு கை சூடை. மச்சான் லாத்தாவைப் பார்த்தார். லாத்தா தலையை ஆட்டினார். "அஃப்ரா!" என்று மச்சான் கூப்பிட்டார். வள்ளத்தில் கை வைத்துத் தள்ளியவளுக்குக் கூறு உண்டு என்றார். அஃப்ரா ஓடிவந்தாள். மீன்கள் தலையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளும் அவற்றைப் பார்த்தாள். பிறகு உம்மாவிடம் போய், "பெட்டி குடுங்க" என்று தமிழில் கேட்டாள்.

7

நேற்று கேக் வெட்டும்போது இதையெல்லாம் பிரெண்டாவுக்கு நசீமா நடித்தே காட்டினாள். நான் போனை அணைத்த இடத்தை இரண்டு தரம் நடித்தாள். பிரெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அஃப்ராவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெரியவளானதும் நீ என்ன வேலை பார்ப்பாய் என்று கேட்டார்.

வாய் நிறைய கேக்கோடு அஃப்ரா பதில் சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், இரண்டு சொல்லை மட்டும் தமிழிலேயே விட்டுவிட்டாள். "வேலை எதுன்னு இன்னும் தெரியாது. ஆனா எனக்கு ஒரு வள்ளத்துல பங்கு இருக்கு."

"பங்கு என்றால் என்ன?" என்று பிரெண்டா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் அஃப்ரா முந்திக்கொண்டாள்.

"நாளையிலிருந்து வராதே என்று யாராலும் சொல்ல முடியாதது."

  கேக்கில் L இருந்த துண்டை வெட்டி அவள் தட்டில் வைத்தேன்.